வண்டி மாறும் இடம்

1865-ஆம் ஆண்டில் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு சிறு ரயில்பாதை திறந்தார்கள். இந்தியன் டிராம்வே கம்பெனி போட்ட பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றரை அடி. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி அரக்கோணத்தைத் தாண்டித்தான் போனது. அந்தப் பாதைக்கு அகலம், அதாவது கேஜ், ஐந்தரை அடி. சின்னப் பாதை போட்டால் செலவு குறையும் என்று கணக்குப் பார்த்த கம்பெனி, அந்தச் செலவை வேறு யாரோ சுமப்பார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஏறிய மூட்டை ஒவ்வொன்றையும் அரக்கோணத்தில் இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. வரதராஜரைச் சேவித்துவிட்டுத் திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போகிறவர்கள் பிள்ளைகுட்டியோடு இங்கே இறங்கி வண்டி மாறினார்கள். 1870-களின் பிற்பகுதியில் அந்த மூன்றரை அடி மீட்டர் கேஜ் ஆனது. பிறகு செங்கல்பட்டு வரை நீண்டது. அப்போதும் பெரிய பாதையோடு அது ஒட்டவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் இரண்டு கேஜும் ஒரே நிலையத்துக்கு வந்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன. 1992-இல் இந்திய ரயில்வே ஒரே கேஜ் திட்டத்தைக் கையில் எடுத்த பிறகுதான் இந்த வகைப் பிரிவுகள் நாடெங்கும் ஒவ்வொன்றாக மறைந்தன.

அந்தப் பயணிகளில் எவரும் எனக்கு மீட்டர் கேஜ்தான் பிடிக்கும் என்று சொல்லி அதில் ஏறியிருக்க மாட்டார்கள். போக வேண்டிய ஊருக்கு எது போகிறதோ அதில் ஏறினார்கள். இணைய உலாவிகளின் வரலாற்றைப் பார்க்கும்போது இந்தச் சாதாரண உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். நெட்ஸ்கேப்பா எக்ஸ்ப்ளோரரா, ஃபயர்ஃபாக்ஸா குரோமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் வேகம், அழகு, பழக்கம் என்று காரணம் அடுக்குகிறோம். மக்கள் நான்கைந்தை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுபோல எழுதுகிறோம். தமிழ் வாசகர்களைப் பொறுத்தவரை நடந்தது வேறு. எந்த உலாவியில் தமிழ் எழுத்து உடையாமல் தெரிந்ததோ, எது ஏற்கெனவே கணினியில் ஏறி உட்கார்ந்திருந்ததோ, எது கையிலிருந்த காசுக்குள் அடங்கியதோ, அதைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு உண்மையான தேர்வுரிமையைக் கொடுத்தது உலாவிக் கம்பெனிகளின் போட்டி அல்ல. தமிழ் எழுத்துக்கு ஒரு பொதுக் குறியீடு கிடைத்ததுதான் என்பது என் வாதம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இணையம் வந்த கடைக்குப் பெயர் பிரவுசிங் சென்டர். பிற ஊர்களில் சைபர் கஃபே என்று சொல்லியிருக்கலாம். இங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரிலும் ரயில் நிலையச் சாலையிலும் தொங்கிய பலகைகளில் பிரவுசிங் என்றே எழுதியிருந்தது. செயலின் பெயர் கடைக்கு வந்துவிட்டது. அந்தச் செயலைச் செய்யும் மென்பொருளோ பெயரில்லாமல் போயிற்று. நீல நிறத்தில் ஆங்கில எழுத்து ஒன்று, அதை இருமுறை அழுத்தினால் இன்டர்நெட். அவ்வளவுதான். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர், அந்தக் கணினியில் இன்னொரு உலாவியை இறக்கி நிறுவிப் பார்க்கும் நிலையில் இல்லை. கடைக்காரர் எதை வைத்தாரோ அதுவே உலாவி. அவரும் விண்டோஸ் எதோடு வந்ததோ அதையே வைத்தார். 1995 ஆகஸ்டு 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மாணவர்களுக்குக் கிடைத்த 500 ரூபாய்க் கணக்கில் வெறும் ஆங்கில எழுத்து மட்டுமே வரும். படம் வராது, தமிழும் வராது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்கள் இணைய இணைப்பு விற்கலாம் என்று அரசு அனுமதித்த பிறகுதான் சிற்றூர்களில் இந்தக் கடைகள் பரவின. அதே 1998-இல்தான் விண்டோஸ் 98 எக்ஸ்ப்ளோரரைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. இப்படிச் சேர்த்துக் கட்டுவதை எதிர்த்து அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. நெட்ஸ்கேப்பின் ஆயுள் தேய்ந்துகொண்டிருந்த நேரத்தில் நம் ஊர்க் கடைகள் திறந்தன. நெட்ஸ்கேப்–எக்ஸ்ப்ளோரர் போட்டியின் முடிவு மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் தமிழில் படிக்க வந்தவருக்கு அந்த நீல எழுத்து மட்டும் போதவில்லை. 1990-களின் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவில் இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து ஒவ்வொருவரும் தம் வசதிக்கு ஓர் எழுத்துருவைச் செய்திருந்தார்கள். ஒருவர் 'அ' வைத்த இடத்தில் மற்றவர் 'ணு' வைத்திருப்பார். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் கவிதைகளைத் தமிழிலும் இணையத்தில் ஏற்றிக் காட்டியபோது அதன் பின்னால் நா. கோவிந்தசாமியின் கணியன் மென்பொருள் இருந்தது. லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளைச் செய்தார். இவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து ஒரு பொதுக் குறியீட்டுக்காக வாதாடிய அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு. அதைத் தொடர்ந்து மடலாடல் வழியே உருவான திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாடு, அதில் தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும். மூன்று ஆண்டுகளில் மூன்று குறியீடுகள். ஒற்றுமைக்காகக் கூடியவர்களே இப்படிப் பிரிந்தது வருத்தமான சேதி. ஆனாலும் நூறு தடம் மூன்றாகச் சுருங்கியதே பெரிது.

இந்த இடத்தில்தான் உலாவிப் போட்டி தமிழ் வாசகரின் மேசைக்கு வந்தது. எழுத்துருவை வாசகர் தனியே இறக்க வேண்டாம், பக்கத்தோடு சேர்ந்தே அது வந்துவிடும் என்ற ஏற்பாட்டை நெட்ஸ்கேப் 1997-இல் கொண்டு வந்தது. எக்ஸ்ப்ளோரரும் அதே ஆண்டில் கொண்டு வந்தது. இரண்டும் இரு வேறு கோப்பு வகை; ஒன்றின் எழுத்துருவை மற்றது திறக்காது. மூன்றரை அடி, ஐந்தரை அடி கதையேதான். சில தமிழ்த் தளங்கள் சிரமப்பட்டு இரண்டு வகையையும் வைத்தன. நெட்ஸ்கேப் ஓய்ந்ததும் பலர் எக்ஸ்ப்ளோரருக்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் செய்தித்தாள். வேறு எதில் திறந்தாலும் குப்பை. திருத்தணி, அரக்கோணம் வட்டாரத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் வீட்டில் பேசும் மொழி நகரவில்லை. இரண்டு மொழியும் புழங்கும் எல்லைப்புறத்தில் தமிழ் நாளிதழும் தெலுங்கு நாளிதழும் ஒரே கணினியில் தெரிய வேண்டும். தெலுங்குத் தளங்களும் தம் தம் எழுத்துருவோடுதான் இருந்தன. அப்படிப்பட்ட கடையில் எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறொன்றை வைக்க எந்தக் கடைக்காரருக்குக் காரணம் இருந்திருக்கும்? இதை விருப்பம் என்று எண்ணிக்கையில் சேர்ப்பது தவறு. 2003-ஐ ஒட்டி உலகில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எக்ஸ்ப்ளோரர் கையில் இருந்தது என்ற கணக்கில், இப்படி வேறு வழியில்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர் விருப்பக்காரர்களாக எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடான யூனிகோடு இதை மாற்றியது. ஆனால் ஒரே நாளில் மாற்றவில்லை. யூனிகோட்டில் தமிழுக்கு 1991-லேயே இடம் ஒதுக்கியாயிற்று. இடம் ஒதுக்குவது ஒரு வேலை, அதைத் திரையில் சரியாக வரைவது இன்னொரு வேலை. 'கெ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, பிறகு ககரத்தை எழுதுகிறோம். யூனிகோட்டில் ககரம் முதலில், கொம்பு பின்னால். ஒலியின் வரிசை அது. அதைத் திரையில் காட்டும் மென்பொருள் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை இடப்பக்கமும் துணைக்காலை வலப்பக்கமும் வைக்க வேண்டும். 'கு', 'சு', 'து' ஒவ்வொன்றுக்கும் உகரம் ஒவ்வொரு வடிவம். இந்த அறிவு உலாவிக்குள்ளோ, அது நம்பி நிற்கும் இயங்குதளத்துக்குள்ளோ இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு இந்த அறிவும் வந்தது. அந்தக் காலத்து எக்ஸ்ப்ளோரர் பதிப்புகளும் அதைச் சுமந்து வந்தன. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் வசதி இருந்தும் மூடி வைத்திருந்தார்கள். மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தில் குறியிட்டு, எக்ஸ்.பி. குறுந்தகட்டைப் போட்டால்தான் தமிழ் சரியாக வரும். எத்தனை கடைகளில் அசல் குறுந்தகடு இருந்திருக்கும் என்று யோசித்தால், அன்றைய தமிழ் வாசகரின் பொறுமை புரியும்.

2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் முதல் பதிப்பு வந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் அதை நெருப்புநரி என்று செல்லமாக அழைத்து வரவேற்றார்கள். தாவல்கள், விளம்பரத் தடுப்பு, யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள் என்ற பெருமை எல்லாம் அதில் இருந்தன. இருந்தும் தமிழ் வாசகர்கள் அதிலிருந்து திரும்பத் திரும்ப எக்ஸ்ப்ளோரருக்கே ஓடினார்கள். ஒரு காரணம் மிக நுட்பமானது. பத்தியின் இரு ஓரமும் சீராக இருக்கும்படி ஒரு தளம் அமைத்திருந்தால், ஃபயர்ஃபாக்ஸின் இரண்டாம் பதிப்பில் தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பு வேறு, மெய் வேறாகச் சிதறின. ஆங்கிலத்தில் இந்தக் குறை தெரியாது, ஏனென்றால் ஆங்கிலத்துக்குக் கொம்பு இல்லை. தமிழ்ப் பதிவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு தம் பக்கங்களில் அந்த ஓரச் சீரமைப்பையே எடுத்துவிட்டார்கள். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சரியானது. இன்னொரு பக்கம், தெலுங்குக்காகத் தொடங்கிப் பிற மொழிகளுக்கும் விரிந்த பத்மா என்ற நீட்சி, பழைய எழுத்துருவில் இருந்த பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸிலேயே யூனிகோடாக மாற்றிக் காட்டியது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழிக்காகச் செய்த ஒன்று இந்தப் பக்கத்தையும் தூக்கிவிட்டது. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் என்று பூட்டியிருந்த பக்கங்களுக்கு அதுவே முதல் மாற்றுச் சாவி.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் எதற்கு, கணினியோடு எது இலவசமாக வருகிறதோ அதைத்தான் மக்கள் பயன்படுத்துகிறார்கள், கதை அவ்வளவுதான் என்பார்கள். தொடக்கத்துக்கு இந்த விளக்கம் பொருந்தும், முடிவுக்குப் பொருந்தாது. 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தபோதும், அதன்பின் பல ஆண்டுகளும் விண்டோஸில் எக்ஸ்ப்ளோரர் இலவசமாகத்தான் இருந்தது. ஆனாலும் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை வழிநடத்திய அந்தக் குரோம் 2012-இல் ஸ்டேட்கவுண்டர் கணக்கில் உலக அளவில் எக்ஸ்ப்ளோரரை முந்தியது. தமிழ்நாட்டில் இன்னும் நெருக்கமான சான்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, சென்னை–அரக்கோணம் பாதையில் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அந்தக் கணினிகளில் விண்டோஸும் இருந்தது, இந்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கணினிகள் வீடுகளுக்குப் போயின. விண்டோஸ் பக்கம் எக்ஸ்ப்ளோரர், லினக்ஸ் பக்கம் ஃபயர்ஃபாக்ஸ் குடும்பம் எனத் தயாராகக் காத்திருந்தும் பிள்ளைகள் குரோமைத் தேடி இறக்கிக்கொண்டார்கள். கையில் வைத்துத் தந்ததை மட்டுமே மக்கள் பயன்படுத்துவார்கள் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

அவர்களால் அப்படி நகர முடிந்ததற்குக் காரணம் குரோமின் வேகம் மட்டுமா? 2000-களின் இறுதிக்குள் பெரிய தமிழ் நாளிதழ்த் தளங்கள் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாறியிருந்தன. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தொடக்கம் முதலே யூனிகோட்டில் இருந்தது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, யூனிகோட்டைத் தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது. அதாவது குரோம் முன்னுக்கு வந்தபோது தண்டவாளம் ஏற்கெனவே ஒரே அகலத்துக்கு மாறியிருந்தது. அதே குரோம் 2001-இல் வந்திருந்தால், எத்தனை வேகமாக இருந்தும் அது தமிழ் நாளிதழ் எதையும் திறந்திருக்காது. ஒரு வாரத்தில் அதை நீக்கியிருப்பார்கள். வேகம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே இரண்டு வண்டியும் ஒரே பாதையில் ஓட வேண்டும். தென்கொரியாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 1990-களின் இறுதியில் வங்கிப் பரிமாற்றத்துக்கான சான்றிதழ் முறையை எக்ஸ்ப்ளோரருக்குள் மட்டும் இயங்கும் ஆக்டிவ்எக்ஸில் கட்டினார்கள். கணினித் திறனில் உலகின் முன்வரிசையில் நின்ற அந்த நாட்டு மக்கள், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கையில் இருந்தும், பணம் அனுப்ப மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்துகொண்டிருந்தார்கள். அறிவோ ரசனையோ அங்கே குறைவில்லை. கேஜ் வேறாக இருந்தது. நம் நாட்டிலும் மின்னணுக் கையொப்பம் கேட்ட அரசுத் தளங்கள் பல இதே வகையில் நீண்ட காலம் எக்ஸ்ப்ளோரரைக் கட்டாயமாக்கின.

கணினியைவிடக் கைபேசியில் இந்தக் கதை இன்னும் கூர்மையானது. ஏனென்றால் அரக்கோணம் போன்ற ஊர்களில் பெரும்பாலோர் முதலில் சொந்தமாக வைத்திருந்த இணையக் கருவி கைபேசிதான். 2006-இல் உலகெங்கும் வெளிவந்த ஓப்பரா மினி பக்கத்தைத் தன் சர்வரில் முதலில் சுருக்கி, சின்ன மூட்டையாகக் கட்டிக் கைபேசிக்கு அனுப்பியது. 2ஜி காலத்தில், கிலோபைட் கணக்கில் காசு போன நாட்களில், இது பெரிய சேமிப்பு. ஆனால் தமிழர்கள் அதை விரும்பியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அது எந்த விளம்பரத்திலும் வரவில்லை. அன்றைய கைபேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளிலும் இதே நிலை. ஓப்பரா மினியின் முகவரிப் பட்டையில் 'ஓப்பரா:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஓர் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்து வகைகளுக்குப் பட எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு ஆம் என்று மாற்றிச் சேமித்தால், அதன்பின் தமிழ் முழுவதும் சர்வரிலேயே படமாக வரையப்பட்டு வந்து சேரும். இந்த ஒரு வித்தை நண்பருக்கு நண்பர், கல்லூரிக்குக் கல்லூரி பரவியது. எழுத்தைப் படமாக அனுப்பினால் அளவு கூடும். ஒரு சொல்லை நகலெடுக்கவும் முடியாது. வேகத்தையும் சிக்கனத்தையும் சற்று விட்டுக்கொடுத்துத்தான் மக்கள் அந்த அமைப்பை இயக்கினார்கள். வேகம்தான் எல்லாம் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. படிக்க முடிகிற மெதுவான பக்கத்தை, படிக்க முடியாத வேகமான பக்கத்துக்கு மேலாக அவர்கள் வைத்தார்கள்.

கைபேசிகளுக்குள்ளேயே தமிழ் எழுத்துரு வரத் தொடங்கியதும் ஓப்பரா மினியின் இந்தத் தனிச்சிறப்பு கரைந்தது. அப்போதுதான் யூ.சி. பிரவுசர் வளர்ந்தது. பக்கத்தைச் சுருக்கித் தருவது, இடையில் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வது, கிரிக்கெட் ஸ்கோர் என்று இந்தியரின் கைக்குத் தோதாக எல்லாம் வைத்திருந்தார்கள். 2015, 2016-ஐ ஒட்டி இந்தியக் கைபேசி உலாவலில் ஏறத்தாழப் பாதி அதன் கையில் இருந்தது. அலிபாபாவுக்குச் சொந்தமான அந்த உலாவி பயனர் விவரங்களைக் கசியவிடுகிறது என்று 2015-லேயே டொராண்டோவின் சிட்டிசன் லேப் அறிக்கை வெளியிட்டும் மக்கள் விலகவில்லை; தரவுக் கட்டணம் கண்ணுக்குத் தெரியும், கசிவு தெரியாது. அந்தப் பிடியைத் தளர்த்தியது 2016 செப்டம்பரில் வந்த ஜியோ கைபேசிச் சேவை. தரவு மலிந்ததும் சுருக்கித் தருகிறவருக்கு வேலை குறைந்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது யூ.சி. பிரவுசரும் அதில் ஒன்று. இடையில் 2017-இல் வந்த ஜியோஃபோனுக்குள் ஓடிய காய்ஓ.எஸ்., ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ்.ஸின் வழிவந்தது. நெருப்புநரியைப் பெயர்கூடக் கேட்டறியாத பல லட்சம் வீடுகளுக்குள் அது அப்படி நுழைந்தது.

இன்று இந்தியக் கைபேசிகளில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டிக் குரோம் இருக்கிறது. இங்கே என் வாதத்துக்கு எதிரான கனமான கேள்வி வருகிறது. ஒரே கேஜ் வேண்டும் என்று இவ்வளவு சொன்னீர்கள். ஒரே உலாவி வந்துவிட்டதே, மகிழ வேண்டியதுதானே? இதில் இரண்டு வேறு பொருட்கள் கலந்துவிடுகின்றன. கேஜ் என்பது அளவு. என்ஜின் என்பது வண்டி. உலாவிக்காரர்களும் தற்செயலாக அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்: பக்கத்தை வரையும் உள்பகுதிக்கு என்ஜின் என்றே பெயர். அரக்கோணத்தில் மின்சார என்ஜின் பணிமனை இருக்கிறது. அங்கே வந்து போகும் என்ஜின்கள் பல வகை, பல தலைமுறை. எல்லாம் ஓடுவது 1,676 மில்லிமீட்டர் அகலத்தில். அளவு பொதுவாக இருப்பதால்தான் புதிய என்ஜினைக் கொண்டு வர முடிகிறது. உலாவியில் யூனிகோடும் இணையத் தரங்களும் அந்த அளவு. குரோம், 2020-இல் அதன் அடித்தளத்துக்கே மாறிய எட்ஜ், 2013-இல் மாறிய ஓப்பரா எல்லாம் ஒரே குரோமியம் என்ஜின். வேறு என்ஜினோடு மிஞ்சியிருப்பவை முக்கியமாக ஃபயர்ஃபாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும்தான். என்ஜின் ஒன்றே ஆகும்போது அளவுகோலும் அந்த என்ஜினுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. இது வெறும் அச்சமா என்றால், ஒரு முறை நடந்திருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001-இல் வந்தது, ஏழாம் பதிப்பு 2006-இல். பெரும்பாலும் வலுவான போட்டியாளர் இல்லாத அந்த ஐந்து ஆண்டுகள் அந்த மென்பொருள் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் உடைகிறது என்று அன்று நம்மால் கண்டுபிடிக்க முடிந்ததே, அதே பக்கம் எக்ஸ்ப்ளோரரில் உடையாமல் தெரிந்ததால்தான். ஒப்பிட இன்னொன்று இல்லையென்றால் குறை உலாவியினுடையது என்று தெரியாது. தமிழே இப்படித்தான் போலிருக்கிறது என்று பக்கத்தைத் திருத்துவோம், எழுத்தை வளைப்போம்.

ஆண்ட்ராய்டில் குரோமையும் பிற செயலிகளையும் முன்கூட்டியே ஏற்றச் செய்தது குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை உறுதி செய்தது. அதே 2023-இல் சென்னைக்காரர்களின் ஜோஹோ நிறுவனம் உலா என்ற உலாவியை வெளியிட்டது. பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உலாவி என்ற கலைச்சொல் தமிழில் முன்பே வழக்கில் இருந்தது, தெய்வமும் அரசனும் வீதி வருவதைப் பாடும் உலா என்ற சிற்றிலக்கிய வகை அதற்கும் முன்பே இருந்தது. இந்திய உலாவி ஒன்றை உருவாக்க மத்திய மின்னணுவியல் அமைச்சகம் நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் ஜோஹோவுக்கு முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. அந்தப் போட்டியின் நிபந்தனைகளில் ஒன்று, நம் நாட்டுச் சான்றளிப்பு அதிகாரியின் மூலச் சான்றிதழை உலாவி தானே நம்ப வேண்டும், மின்னணுக் கையொப்பம் இட வசதி இருக்க வேண்டும் என்பது. நல்ல நோக்கம், ஒரு காலத்தில் எக்ஸ்ப்ளோரர் பிடித்து வைத்திருந்த வாசலை நமதாக்கும் முயற்சி. அந்த வாசல் உள்நாட்டு உலாவி ஒன்றுக்கு மட்டும் திறந்தால் கொரியாவின் தவறை நம் கையாலேயே செய்தவர்கள் ஆவோம். எல்லா உலாவிக்கும் பொதுவான முறையில் கட்டினால் பலன் மக்களுக்கு. உலாவும் குரோமியம் என்ஜினில்தான் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பெட்டிக்கு நம் பெயரை எழுதியிருக்கிறோம், என்ஜின் இன்னும் நம்முடையதில்லை.

இதற்கிடையில், கேஜ் மாறியபோது பழைய பாதையிலேயே நின்றுபோன சரக்கு ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக்கு மேல் தமிழ் நாளிதழ்களும் சிற்றிதழ்களும் ஈழத்துத் தளங்களும் இணையத்தில் ஏற்றிய பக்கங்கள் பல இன்றும் இணைய ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. எந்த உலாவியில் திறந்தாலும் ரோமன் எழுத்துகளின் குவியல்தான். எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. தனக்கென்று செய்த எழுத்துருக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்த அந்த வண்டியும் நின்றுவிட்டது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அரசாணைகளுக்கும் இதே கதி. அந்தக் கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் தமிழாக ஒட்டாது. பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளைத் தமிழர்கள் தாமே செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை எடுத்து ஒட்டினால் அவை யூனிகோடாக்கித் தரும். எந்தப் பக்கம் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கண்டறிந்து, ஆண்டுவாரியாக, இதழ்வாரியாக மொத்தமாக மாற்றி வைக்கும் பெரிய வேலை பாக்கியிருக்கிறது. அந்த எழுத்துருக்களைப் பார்த்தவுடன் இது இன்னது என்று சொல்லத் தெரிந்தவர்கள், அன்று பிரவுசிங் சென்டரில் அந்தப் பக்கங்களைத் திறந்து படித்த தலைமுறையினர், இப்போது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.